அக்கா இருக்கும் ஊர்

ஜூலை 8, செவ்வாய்

ஆறரை மணிக்கே ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் கூட்டம். வெறும் வயிற்றோடு வந்தவர்களின் கோபம் தனி ரகம். கவுண்டரில் இருப்பவளை நாங்கள் மின்னல் என்போம், டைப் அடிக்கும் வேகம் அப்படி. அவள் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவாள். நான் கையைப் பிடித்து, ரப்பர் பட்டையைக் கட்டி, ஊசியை ஏற்றி, பஞ்சை அழுத்துவேன். அடுத்த கை. மதியத்துக்குள் எத்தனையோ பேரைத் தொட்டுவிட்டேன். முகம் ஒன்றுகூட ஞாபகமில்லை.

நாலு மணி சுமாருக்கு அக்காவைக் கூப்பிட்டேன். குக்கர் விசில், பையன் எதையோ காணோம் என்று கத்தும் சத்தம்.

"சொல்லுடி சுண்டெலி."

சொல்ல ஆரம்பிப்பதற்குள், "இரு, டியூஷன் பிள்ளைங்க வந்துட்டாங்க. அப்புறம் பேசறேன்."

அப்புறம் என்பது என்ன கிழமை?

ஜூலை 9, புதன்

இன்றைக்கும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

டியூட்டி. நடக்க முடியாத பெரியவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வந்தேன்.

அம்மா போய், பின்னாலேயே அப்பாவும் போன பிறகு, நான் வேலையை மாற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வந்ததே அக்காவுக்காகத்தான். "ஒரே ஊர்ல இருந்தா நினைச்சப்போ பார்த்துக்கலாம்டி" என்றாள். வந்தேன். அவள் வீடு ஊரின் அந்தக் கோடி. எனக்கு வேலையும் அறையும் இந்தக் கோடியில். ஒரு ரயில், இறங்கி இன்னொரு ரயில், அதற்கப்புறம் பஸ். எல்லாம் ஒழுங்காக ஓடினால் இரண்டு மணி நேரம். எந்த நாளில் எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கிறது? என் வேலை காலையில், அவள் டியூஷன் மாலையில். நான் வீடு திரும்பும் நேரம் அவள் வீட்டில் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். மிச்சம் ஞாயிறு. அதிலும் ஒன்றுவிட்டு ஒன்று எனக்கு டியூட்டி. நினைச்சப்போ, நினைத்ததோடு சரி.

ஒன்று கவனித்தேன். போக இடமில்லாத நேரத்திலும் நான் வேகமாகத்தான் நடக்கிறேன். இந்த ஊர் பழக்கிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

இன்று எப்படியும் போய்விடுவது என்று கிளம்பினேன். பையனுக்குக் கலர் பென்சில் பெட்டி, அவளுக்கு ஒரு சேலை. முதல் ரயில் சரியாகத்தான் போனது. இரண்டாவது ரயிலுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்படியொரு மழை. தண்டவாளத்தில் தண்ணீர் என்று அறிவிப்பு வந்தது. அப்புறம் அறிவிப்பே வரவில்லை.

அக்கா போனில், "வராதடி, இங்க தெருவுல முட்டளவு தண்ணி. பேசாம திரும்பிப் போயிடு" என்றாள். சட்டென்று குரல் மாறியது. "நீ வந்தா ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தேன்."

"என்ன விஷயம்?"

"நேர்ல சொல்றேன்."

பாதி வழி ஸ்டேஷனில், கையில் பையோடு, யாருடைய குடையிலிருந்தோ சொட்டுவது தோளில் விழ நின்றேன். பிறகு எதிர்ப் பக்கம் போய்த் திரும்பும் ரயிலில் ஏறினேன்.

ஜூலை 24, வியாழன்

என்ன விஷயம் என்று திரும்பவும் கேட்டேன். "போன்ல சொல்றதில்ல" என்றாள். எங்கள் நிலையத்தில் மாட்டியிருக்கும் கட்டணப் பலகையில் எத்தனை பரிசோதனை உண்டோ அத்தனை வியாதியையும் மனதுக்குள் அவளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். மாமாவோடு ஏதாவது சண்டையா? மாமாவோடு சண்டை போட முடியாது. அவர் 'ம்' என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைத் திருப்புவார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டியூட்டி முறையை மாற்றிப் போட்டதில் இந்த ஞாயிறும் என் தலையில். மாற்றித் தரும்படி சூப்பர்வைசரிடம் கேட்டிருந்தேன்.

"என்ன அவசரம்?"

"அக்காவைப் பார்க்கணும் சார்."

"எந்த ஊர்?"

"இதே ஊர்தான்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதே ஊர்னா எப்ப வேணா பார்த்துக்கலாமேம்மா."

அவருக்கு என்னத்தைச் சொல்ல.

ஆகஸ்ட் 6, புதன்

முதல் வேலையாக இதை எழுதிவிடுகிறேன்.

கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரம். மின்னல் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நான் டியூபில் லேபிள் ஒட்டிக்கொண்டே, "கையை நல்லா நீட்டுங்க, மடக்காதீங்க" என்றேன். கை நீண்டது. பட்டையைக் கட்டப் போனவள் நின்றுவிட்டேன். முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு. சின்ன வயதில் இருவரும் கேட் ஏறிக் குதித்தபோது கம்பி கிழித்தது.

நிமிர்ந்தேன். அக்கா.

"என்னடி முழிக்கிற? குத்து. பின்னால ஆளு நிக்குது."

"நீ எங்க இங்க? என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகலை. உன்னைப் பார்க்க வேற வழி தெரியலை, டோக்கன் எடுத்தேன். சர்க்கரை டெஸ்ட்னு சொன்னேன், அதுதான் வாயில வந்துச்சு."

"சாப்பிட்டியா?"

"நல்லா சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

"அப்ப டெஸ்ட் தப்பா வருமேக்கா."

"வரட்டும். நான் சர்க்கரையா பார்க்க வந்தேன்?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பட்டையைக் கட்டினேன். நரம்பு உடனே கிடைத்தது. ரத்தம் ஏறும்போது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாமா கம்பெனியை அப்படியே தூக்கிட்டு வேற ஊருக்குப் போறாங்க. அவரும் போகணும். நாங்க இந்த மாசக் கடைசில கிளம்பறோம்டி."

ஊசியை எடுத்தேனா, பஞ்சை வைத்தேனா, தெரியவில்லை. அவளே தன் விரலால் பஞ்சை அழுத்திக்கொண்டாள்.

"போன்ல சொன்னா நீ அங்க ஒத்தைல உக்கார்ந்து அழுவ. அதான் நேர்ல."

பின்னால் ஒருவர், "என்னம்மா, கதை பேசற இடமா இது?" என்றார். அக்கா எழுந்தாள். பையன் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் அவள் போய்ச் சேர வேண்டும். என் கன்னத்தை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு மணி நேரம் வந்து, இரண்டு மணி நேரம் போய், நடுவில் ஒரு டியூப் நிறையும் நேரம் என்னோடு இருந்தாள்.

அடுத்த கைக்கு நரம்பு கிடைக்கவில்லை. அதற்கடுத்த கைக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை கூடுதல். சாப்பிட்டுவிட்டு வந்தால் கூடத்தான் இருக்கும். மின்னல், "உங்க அக்காவா? உங்களை மாதிரியே இல்லையே, நல்லா சிரிக்கிறாங்களே" என்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டியூட்டி இல்லை. மழையும் இல்லை. போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே மேம்பாலம். நின்றுகொண்டு போகும் பயணிகள் பஸ்ஸிலிருந்து உள்ளே ஒரு பார்வை பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

கோபம் யார் மேல்? அக்கா மேல்தான். வேறு யார் மேல் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறது?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கொட்டிவிட்டேன். "உன்னை நம்பித்தானே வந்தேன். என்னை இங்க வரவழைச்சுட்டு நீ பாட்டுக்கு கிளம்பற. எனக்கு இங்க யாரு இருக்கா, அக்கா?"

அந்தப் பக்கம் அடுப்பை அணைப்பது கேட்டது.

"நானாடி போறேன்?" என்றாள். "எனக்கு மட்டும் ஆசையா?"

"நானும் அங்க மாத்தல் கேக்கறேன்."

"கேட்டு? என் பின்னாடியே எத்தனை ஊருக்கு வருவ? அங்கேருந்து மாமாவை இன்னொரு எடத்துக்குத் தூக்கிப் போட்டா? உனக்கு இங்க நல்ல வேலை, நல்ல பேரு. இரு. நான் எங்கயோ செத்தா போறேன்?"

"வாயைக் கழுவு" என்றேன். இருவரும் அழுதோம். அப்புறம் அவள், "டியூஷன் பிள்ளைங்க என்னையே பார்க்குதுங்க. வைக்கிறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 30, சனி

வயிறு சரியில்லை என்று நிலையத்துக்குச் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

நாள் பூராவும் பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றினோம். மாமா பெட்டிகளுக்கு டேப் ஒட்டினார், 'ம்' போட்டார். பையன் ஒவ்வொரு பெட்டியிலும் தன் பெயரை எழுதினான். ஆட்கள் வந்து பீரோவைத் தூக்கிய பிறகு, சுவரில் பீரோ அளவுக்கு மட்டும் பழைய பச்சை நிறம் தெரிந்தது. அதில் சாய்ந்து நானும் அவளும் கால் நீட்டி உட்கார்ந்தோம். எவ்வளவோ பேசலாம் என்று வந்தேன். அவள் காலில் அவள் விரலும் என் காலில் என் விரலும் ஒரே மாதிரி வளைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான்.

கூட்டம் ஏறுமுன் கிளம்பு என்று அவளே என்னை அனுப்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

போய்விட்டார்கள். நான் டியூட்டியில்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவள் போனதால் என் நாளில் ஒரு மணி நேரம்கூட மாறவில்லை. அதே காலை, அதே கைகள், அதே படிக்கட்டு. அதுதான் தாங்க முடியவில்லை. ஒருத்தி ஊரைவிட்டே போனால் எங்காவது ஓர் இடம் காலியாகத் தெரிய வேண்டாமா? இங்கே அவளுக்கென்று ஒரு நாற்காலிகூட இருந்ததில்லை.

ஆனால் இப்போது அந்த ரயிலைப் பார்த்தால் — அவள் வீட்டுப் பக்கம் போகும் அந்த ரயில் — ஒரு நொடி கால் அந்தப் பக்கம் திரும்புகிறது. போகாமலே இருந்த நாளில் அப்படித் திரும்பியதில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஊர் பூராவும் இரைச்சல். எனக்குள் சத்தமில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

அங்கே அவளிடம் படிக்க யாரும் இன்னும் வரவில்லையாம். அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாதாம். மத்தியானத்தில் அவளே கூப்பிடுகிறாள். இன்று கடிகாரத்தைப் பார்க்காமல் பேசினோம். கேட் கம்பியில் கை கிழிந்த கதையை அவள் வேறு மாதிரி சொல்கிறாள். நான்தான் தள்ளிவிட்டேனாம்! சண்டை போட்டோம். நல்ல சண்டை.

வைக்கும்போது, "மனசு கிடந்து அடிச்சுக்குதுடி" என்றாள். எனக்கும்தான் என்று சொல்லவில்லை. தெரியும் அவளுக்கு.

நவம்பர் 23, ஞாயிறு

வியாழக்கிழமை விடிந்ததும் அக்கா ஒரு பையோடு ரயிலை விட்டு இறங்கினாள். பையனுக்கு விடுமுறை, அப்பாவும் மகனும் சமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "வெளியூர்லேருந்து அக்கா வந்திருக்காங்க சார்" என்று சொன்னேன். சூப்பர்வைசர் ஒரு கேள்வி கேட்காமல் லீவு கொடுத்துவிட்டார்!

வந்த அன்றே என் பாத்திரங்களையெல்லாம் இடம் மாற்றினாள். அடுத்த அறைக்காரியோடு நான் இத்தனை நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பல்வலி முதல் மாமியார் வரை எல்லாம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஊர் சுற்றினோம். அத்தனை வருடம் இங்கே இருந்தும் அவள் பார்க்காத தெருக்கள். நடுரோட்டில் நின்று, "இவ்ளோ பெரிய ஊரா இது? நான் என் வீட்டு பஸ்ஸை மட்டும்தான்டி பார்த்தேன்" என்றாள். நேற்று எங்கும் போகவில்லை. அம்மாவைப் பற்றிப் பேசினோம். அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி முதல் முறையாகப் பேசினோம்.

ஒரே ஊரில் இருந்தவரை அவள் என் அறையில் ஓர் இரவும் தங்கியதில்லை. இப்போது நாலாவது நாள். நாளை மாலை ரயில். அதை இன்று நினைக்கப் போவதில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து என் கட்டிலை முழுக்கப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்காமல் கேட்கிறாள்:

"என்னடி எழுதற?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."

"நீயும் வந்து படேன். எங்க போகணும் உனக்கு?"

எங்கேயும் போக வேண்டியதில்லை. சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விடுகிறாள்.