அண்ணாவின் சார்பாக

ஹொல்ம்லியா
ஒஸ்லோ, நோர்வே
டிசம்பர் 1, திங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் அமெரிக்கன் ஃபுட்போல் கோச் அணியை விட்டுப் போய்விட்ட செய்தியை இன்று பள்ளிக்கூடத்தில், பாணைக் கடித்துக்கொண்டு இருந்தபோதுதான் பார்த்தேன். பாணை அப்படியே மூடி வைத்துவிட்டேன். பத்து ஆட்டம் வென்று, முதல் தடவையாகப் பிளேஓஃப் என்கிற இறுதிச் சுற்றுகளுக்குள் போகிற நேரம். பெரிய பல்கலைக்கழகம் ஒன்று கூப்பிட்டதாம், இவர் விமானம் ஏறிவிட்டாராம். கலியாண வீட்டில் முதல் பந்தி இருக்கும்போதே கரண்டியைப் போட்டுவிட்டு அடுத்த கலியாணத்துக்குப் போகிற சமையற்காரனை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

எனக்கு இதில் சொந்தக் கோபமும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் உங்களை அணியில் சேர்க்க அவர் வீடியோவில் அப்பாவோடு கதைத்தபோது, அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கினது நான். "உங்கள் மகனை நாலு வருடமும் என் பிள்ளை போலப் பார்ப்பேன்" என்றார். அப்படியே சொன்னேன். அப்பா, "பந்து உதைக்கிறதுக்கு ஒருத்தன் கடல் தாண்டுவானோ? போனால் இந்த வீட்டுக்குப் போன் எடுக்கத் தேவையில்லை" என்றார். அதை மட்டும் நான் கோச்சுக்குச் சொல்லவில்லை. இப்போது பார்த்தால் பொய் சொன்னது கோச், அதை என் வாயால் சொன்னது நான்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் என் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார். அதனால்தான் பள்ளிக்கூடம் தந்த கணினியில் எழுதுகிறேன். அதிகாலை பஸ் ஓட்டப் போகவேண்டும் என்று அவர் ஒன்பதுக்கே படுத்துவிடுவார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. குளியலறைக் கதவு சத்தம் போட்டால்கூடக் கணினியை மூடிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொள்கிறேன். பயம்தான். ஆனால் "இங்கே என்னோடு தமிழ் கதைக்க ஆளில்லை, தமிழில் எழுது" என்று நீங்கள் கேட்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இனி வீட்டுச் செய்தி. 13ஆம் திகதி தமிழ்ப் பள்ளியின் பரிசளிப்பு விழா. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பழைய மாணவர்களுக்கும் இந்த முறை கேடயம் கொடுக்கிறார்கள். உங்கள் பெயரும் உண்டு: "சயூரன் மகேசன், அமெரிக்காவில் மருத்துவம்." உங்கள் சார்பாக நான் மேடையேறி வாங்க வேண்டுமாம்.

அப்பா பொய் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கோயிலில், தமிழ்ப் பள்ளியை நடத்துகிற ஸ்ரீஸ்கந்தராசா மாமா, "மகன் அமெரிக்காவிலையாம், மெடிசினோ?" என்று கேட்டார். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேங்காய் உடைக்கப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லாருக்கும் நீங்கள் டொக்டர்.

நான் என்ன செய்ய? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

நாட்டின் சிறந்த உதையாளர் விருதுக்கு, இறுதிக்கு வந்த மூன்று பேரில் உங்கள் பெயர் இருப்பதைப் பார்த்தேன். அதைச் சொல்லிச் சந்தோஷப்பட இந்த வீட்டில் ஆளில்லாததால் சுவரிடம் சொன்னேன்.

உங்கள் தங்கை
ஆரபி


டிசம்பர் 3

ஆரபிக்குட்டி,

கோச்சுக்காக நீ சாப்பாட்டை விடாதே. இங்கே கோச் மாறுவது நோர்வேயில் மழை பெய்கிற மாதிரி. எங்களைக் கூட்டிவைத்துக் கண் கலங்கினார். "நீங்கள் என் குடும்பம்" என்றார். வெளியே கார் ஸ்டார்ட்டில் நின்றது. பிளேஓஃபை உதவிக் கோச் பார்த்துக்கொள்வார். ஜனவரியில் புதிய கோச் வருகிறார். தன்னுடைய பழைய அணியிலிருந்து தன்னுடைய உதையாளரையும் கூட்டிக்கொண்டு வருவார் என்று பேச்சு. அப்படி வந்தால் என் ஸ்கொலர்ஷிப் என்னவாகும் என்று எனக்கே தெரியாது. என்னை இங்கே எல்லாரும் "நோர்வே" என்று கூப்பிடுகிறார்கள். நோர்வே நோர்வேக்குத் திரும்பவேண்டி வரலாம்.

கேடயத்தை வாங்கு. நன்றி சொல்லு. இறங்கு. அவ்வளவுதான். அப்பாவோடு கொழுவிச் சண்டை பிடிக்காதே. நீ இன்னும் மூன்று வருடம் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

அன்போடு
அண்ணா


ஹொல்ம்லியா
டிசம்பர் 10, புதன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

விருது மற்றவருக்குப் போய்விட்டது. நேற்றுப் பார்த்தேன். அவர் உங்களைவிட இரண்டு உதை கூடப் போட்டிருக்கிறார், ஆனால் கூரை மூடிய மைதானத்தில். நீங்கள் காற்றிலும் பனியிலும் போட்டவை. அதை யாரும் எண்ணவில்லை.

பிளேஓஃபுக்குப் பன்னிரண்டு அணிகளில் நீங்கள் பதினோராவது. நான் பார்க்கிற தளத்தில் ஏழு நிபுணர்கள் கணிப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு பேரும் முதல் சுற்றிலேயே நீங்கள் வெளியே என்கிறார்கள். கோச் இல்லாத அணி, தலை இல்லாத உடம்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் கணிப்பு: மூன்று புள்ளியால் வெல்வீர்கள், கடைசி உதை உங்களுடையது. எட்டாவது நிபுணர் ஹொல்ம்லியாவில் இருக்கிறார் என்று எழுதிவையுங்கள்.

விழாவுக்கு அப்பா நாலு வரி எழுதித் தந்திருக்கிறார். "எனது அண்ணா மனித குலத்துக்குச் சேவை செய்யும் நோக்கோடு" என்று தொடங்குகிறது. குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கப் பழக்கினார். "சத்தமா வாசி, பின்வரிசைக்குக் கேக்கோணும்" என்றார். மூன்றாவது தரம் வாசிக்கும்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். அண்ணா, அவர் அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

நேற்று ரயிலில் துஷ்யா அக்காவைக் கண்டேன். அவர் ஒஸ்லோவில் உண்மையாகவே மெடிசின் படிக்கிறார், அவருக்கும் கேடயம் உண்டு. எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, "அமெரிக்காவிலை முதல் வேற டிகிரி முடிச்சாத்தானே மெடிசினுக்கு எடுப்பினம்? உன்ரை அண்ணா சரியான கெட்டிக்காரன்" என்று சிரித்தார். நக்கல் என்று தெரிந்தது. ஹவுகெட்டோவில் அவர் இறங்கும்வரை நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு உரிய விருதை வேறொருவர் கொண்டுபோய்விட்டார். உங்களுக்கு உரியதல்லாததை நான் போய்க் கைநீட்டி வாங்க வேண்டும். இது சரியா? உண்மையைச் சொல்கிறேனே. ஒரு சொல் "ஓம்" என்று எழுதுங்கள், போதும்.

உங்கள் தங்கை
ஆரபி


டிசம்பர் 11

ஆரபி,

இல்லை.

வெளிப்படையாகவே சொல்கிறேன். ஜனவரியில் என்னை அணியிலிருந்து நிறுத்திவிட்டால், நான் ஒரு பெட்டியோடு ஒஸ்லோவில் வந்து இறங்க வேண்டும். "மெடிசின் கஷ்டம், விட்டிட்டு வந்திட்டான்" என்றால் சனம் ஒரு மாதம் கதைக்கும். எத்தனையோ பிள்ளைகள் விட்டிருக்கிறார்கள். "பந்து உதைக்கப் போனவன், அதுவும் சரிவராமல் வந்திட்டான்" என்றால் அப்பா சாகும்வரை கதைக்கும். அந்தப் பொய்யை நான் தொடங்கவில்லை. ஆனால் நான் திரும்பி வரக்கூடிய வழி அது ஒன்றுதான்.

அதை அடைக்காதே. வாங்கு, நன்றி சொல்லு, இறங்கு. கெஞ்சவில்லை, அண்ணா சொல்கிறேன்.

சயூரன்


ஹொல்ம்லியா
டிசம்பர் 14, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன். நான் சொல்லிவிட்டேன்.

திட்டம் போட்டுப் போகவில்லை. நீங்கள் சொன்னபடி வாங்கிக்கொண்டு இறங்கத்தான் நினைத்தேன். அம்மா கட்டிவிட்ட சேலை, அப்பாவின் தாள், எல்லாம் சரியாக இருந்தன. எனக்கு முன்னால் துஷ்யா அக்கா போனார். கைதட்டினார்கள். பிறகு ஸ்ரீஸ்கந்தராசா மாமா மைக்கில், "அடுத்ததாக, அமெரிக்க மண்ணிலே மருத்துவம் பயின்று எங்கள் இனத்துக்கே பெருமை சேர்க்கும் சயூரன்" என்றார். துஷ்யா அக்காவுக்குத் தட்டியதைவிட உங்களுக்குக் கூடத் தட்டினார்கள் அண்ணா! அவர் இராத்திரி பகலாகப் படிக்கிறார். நீங்கள் செய்யாததற்கு அவரைவிடக் கூடக் கைதட்டு. நீங்கள் பனியில் நின்று செய்ததற்கு ஒரு கைகூடத் தட்டவில்லை. அதைக் கேட்டபிறகு மேடையேறிக் கேடயத்தை வாங்கினேன், அப்பாவின் தாளை மடித்தேன், மைக்கைப் பிடித்தேன்.

"அண்ணா மெடிசின் படிக்கேல்லை. அவர் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுறார். பந்தை உதைச்சு ரெண்டு மஞ்சள் கம்பத்துக்கு நடுவாலை போடுறதுதான் அவரின்ரை வேலை. அந்த நாட்டிலை முதல் மூண்டு பேரிலை ஒருத்தர். வாற சனிக்கிழமை பிளேஓஃப். ஆருக்கும் விருப்பம் எண்டால் பாருங்கோ. இந்தக் கேடயம் அவருக்கு உரியது இல்லை" என்றேன். கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

ஸ்ரீஸ்கந்தராசா மாமா மைக்கை மூடாமலே, "இப்ப என்ன செய்யிறது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்னாலிருந்து பெடியன்கள் யாரோ, "எத்தினை யார்ட்?" என்று கத்தினார்கள். முன்வரிசையில் இருந்த விமலாதேவி அன்ரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார், அம்மா நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது காரை அப்பாதான் ஓட்டினார். அப்பா இருபது வருடமாக பஸ் ஓடுகிறவர், மஞ்சள் லைட் விழுந்தாலே நிற்பார். நேற்றுச் சிவப்பில் போனார். ஹொல்ம்லியா வந்து இறங்கும்போது அம்மா, "அந்தக் கேடயத்தை எங்கை வைக்கிறது எண்டு நான் ஒரு கிழமையா யோசிச்சுக்கொண்டு இருந்தனான். இப்ப அந்தக் கரைச்சல் இல்லை" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் சட்டி பானைச் சத்தம்தான்.

நீங்கள் கோபிப்பீர்கள். உங்கள் சொல்லை மீறிவிட்டேன். அதற்காக மன்னிப்புக் கேட்க எழுதவில்லை.

ஆரபி


டிசம்பர் 15

ஆரபி,

என்னுடைய வாழ்க்கையைப் பற்றிக் கதைக்க உன்னை யார் கேட்டது? துணிச்சல் என்று நினைக்கிறாய். மேடையில் நின்றது நீ, விழப்போவது நான். உன்னை ஒரு வேலைதான் செய்யச் சொன்னேன்.

சனிக்கிழமை வரைக்கும் எழுதாதே. நான் உதைக்க வேண்டும்.

சயூரன்


ஹொல்ம்லியா
டிசம்பர் 21, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

சனிக்கிழமை முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று மாலை வரவேற்பறையில் பெரிய தொலைக்காட்சியில், சத்தம் வைத்துப் பார்த்தேன். அப்பாவிடம் அனுமதி கேட்கவில்லை, போட்டேன். அம்மா பக்கத்தில் வந்து இருந்து, "இவங்கள் ஏன் ஒவ்வொரு நிமிசமும் நிக்கிறாங்கள், களைப்போ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உங்களை முதலில் கண்டுபிடித்தது அவர்தான். ஹெல்மெட்டுக்குள்ளும் தெரிந்ததாம், நடையில். அப்பா குசினியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். ஒரு தேத்தண்ணியை இரண்டு மணித்தியாலம் குடித்தார்.

முதல் மூன்று உதையும் நடுவால் போயின. கடைசி, ஐம்பத்திரண்டு யார்ட், வலப்பக்கம் விலகிப் போனது. ஒரு புள்ளியால் தோல்வி. ஏழு நிபுணர்களும் சரி, எட்டாவது பிழை. ஏற்றுக்கொள்கிறேன்.

குசினியிலிருந்து அப்பா, "போட்டானோ?" என்று கேட்டார். ஒரு கிழமைக்குப் பிறகு எனக்கு அவர் சொன்ன முதல் சொல் அது.

"இல்லை அப்பா."

கோப்பையை மேசையில் வைத்தார். "எவ்வளவு தூரம்?"

"நாற்பத்தேழரை மீற்றர்."

"அவ்வளவு தூரத்துக்கு ஆரும் உதைப்பினமோ?"

"அண்ணாவைக் கேளுங்கோ" என்றேன். எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினார்.

புதிய கோச் தன்னுடைய உதையாளரோடு வருகிறார் என்பதும் இன்று செய்தியில் வந்துவிட்டது. நீங்கள் அங்கே வேறு பல்கலைக்கழகம் தேடலாம், இங்கே வரலாம், எனக்குத் தெரியாது. ஆனால் நான் அடைத்தது வழி இல்லை. டொக்டராக வந்திருந்தால் இந்த வீட்டுக்குள் நீங்களும் அப்பாவைப் போலக் கேள்விக்குத் தப்பி ஒவ்வொரு நாளும் தேங்காய் உடைக்கப் போகவேண்டி இருந்திருக்கும். இப்போது தவறவிட்ட உதையோடு வந்து, "வலப்பக்கம் போயிட்டுது அப்பா" என்று சொல்லலாம். அவர் ஏச்சுப் பேசுவார். பேசட்டும். என்னோடு ஒரு கிழமை பேசாமலே இருந்தார், நான் உயிரோடு இருக்கிறேன்.

"என்னுடைய வாழ்க்கையைப் பற்றிக் கதைக்க உன்னை யார் கேட்டது?" என்று எழுதினீர்கள். மேடையேறு என்று இரண்டு பேரும்தான் கேட்டீர்கள். அப்பா பொய்யோடு ஏறச் சொன்னார், நீங்களும் அதையே சொன்னீர்கள். ஏறினது என் கால், அதனால் கதைத்தது என் வாய்.

இனி எனக்குத் தனியாக எழுத வேண்டாம். எழுதினால் திறக்க மாட்டேன். எனக்கு உங்களில் கோபம் இல்லை, களைத்துப்போனேன். அப்பாவுக்கு எழுதுங்கள், ஐம்பத்திரண்டு யார்ட் என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லுங்கள். நீங்கள் எழுதாவிட்டால், அடுத்த வருடம் எந்த அணியில் உதைக்கிறீர்கள் என்று நான் செய்தியில் பார்த்துக்கொள்வேன். அப்போதும் வெல்வீர்கள் என்றுதான் கணிப்பேன், எழுபது நிபுணர் மறுத்தாலும்.

இதை வரவேற்பறையில் இருந்து எழுதுகிறேன். அப்பா இன்னும் படுக்கவில்லை. "ஆருக்கு எழுதுறாய்?" என்று இப்போதுதான் கேட்டார்.

"அண்ணாவுக்கு" என்றேன்.

ஆரபி