நள்ளிரவுக் கூட்டத்துக்கு வரமாட்டேன்

வியாழக்கிழமை, இரவு ஒன்பதரை.

இன்று காலை காப்பாரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்கில் நின்றபடியே மோட்டார் சைக்கிளில் தூங்கிவிட்டேன். பின்னால் இருந்த லோரி ஹார்ன் அடித்த பிறகுதான் விழித்தேன். வகுப்பில் உட்கார்ந்தும் பாடம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மோட்டார் சாவியை வாங்கி வைத்துவிடுவார்.

மூன்று வாரமாக எங்கள் ப்ராஜெக்ட் குழுவின் ஆன்லைன் கூட்டம் நடுராத்திரியில்தான் நடக்கிறது. குழுத் தலைவி கவிதா ஹாஸ்டலில் இருக்கிறாள். எட்டு மணிக்கு எழுந்தால் போதும். நான் ஐந்து மணிக்கே எழ வேண்டும்.

மதியம் கேண்டீனில் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"இனிமே நைட் மீட்டிங்குக்கு நான் வரமாட்டேன். என் பகுதிய சாயங்காலமே அனுப்பிடறேன்."

"எல்லாரும்தானே முழிச்சிருக்கோம், உனக்கு மட்டும் என்ன லா? வரலன்னா ரிப்போர்ட்ல உன் பேரு இருக்காது."

"எடுத்துடு. நான் அனுப்புனது எல்லாத்தையும் லெக்சரர்கிட்ட காட்டறேன். இன்னிக்கு ரோட்டுலயே தூங்கிட்டேன், தெரியுமா?"

குழுவில் இருக்கும் தேவி, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "மீட்டிங்க நைட் எட்டு மணிக்கு வெச்சா நானும் நேரத்தோட தூங்குவேன்" என்றாள். கவிதா எழுந்து போய்விட்டாள்.

என் பகுதியை ஏழு மணிக்கே அனுப்பிவிட்டேன். இப்போது குழுவில் செய்தி வந்திருக்கிறது: மீட்டிங் பன்னிரண்டு மணிக்கு, கட்டாயம்.

பெயரை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று... நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். போனை அணைத்துவிட்டேன். நான் தூங்கப் போகிறேன்.