மூன்று தட்டு

ஆவணி 3, காலை 06.10
சரக்குக் கப்பல் சலேத் மாதா. எழுதுபவன் அதன் உரிமையாளன், தூத்துக்குடி ஞானதிரவியம். ஏற்றியிருப்பது உப்பு, வெங்காயம், பருப்பு, கருவாடு. போகுமிடம் சீரீஸ் சிறுகோள் குடியிருப்பு. ஆட்கள் இரண்டு பேர். முன்னறையில் நான், பின்கிடங்கில் பொறியாளர் இசக்கி. காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. வெங்காயம் லேசாக முளைவிடுகிறது. சீரீஸ்காரர்கள் முளைத்ததையும் வாங்குவார்கள். அவர்களுக்கு வேறு நாதி இல்லை.

புதிதாக வாங்கிப் பொருத்திய கருவி நன்றாக வேலை செய்கிறது. கப்பலின் உலோகத் தோலில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்காவது விரிசல் தொடங்கும் ஓசை பட்டால் டிக் டிக் டிக் என்று குரல் கொடுக்கும். இசக்கி அதற்குப் பல்லி என்று பேர் வைத்துவிட்டாள். விற்றவன் மூன்று நாள் பயிற்சியையும் சேர்த்து விலை சொன்னான். தோணியில் மூட்டை தூக்கி மேலே வந்தவனுக்குப் பயிற்சி எதற்கு? அதைக் கழித்துவிட்டு விலையைச் சொல் என்றேன். வாயைத் திறந்து ஏதோ விளக்க வந்தான். விடவில்லை. நல்ல பேரம்.

ஆவணி 5, பகல் 13.40
பல்லி முதல் தடவையாகச் சொன்னது. என் விரல் தானாகப் போய் மேசையை மூன்று முறை தட்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் வீட்டுப் பல்லி சத்தம் போட்டால் அப்படித்தான் தட்டுவோம், கெட்டது பலிக்காமல் போகட்டும் என்று. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். இருந்தாலும் விரலுக்கு மதம் தெரியாது. தட்டியதும் பல்லி அடங்கிப் பச்சை விளக்கு எரிந்தது. உள்தொடர்பில் இசக்கி வந்தாள்.

“அண்ணாச்சி, நீங்களும் தட்டுனியளா?”

“கைப் பழக்கம் இசக்கி.”

“நானும் தட்டுனேன். பாத்தியளா, தட்டுனதும் வாய மூடிட்டு. நம்ம ஊர்ப் பல்லிதான் இது, சந்தேகமே இல்ல.”

கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். கண்ணுக்கு ஒன்றும் படவில்லை என்றாள்.

ஆவணி 9, மாலை 17.00
வேலை இல்லாத நேரத்தில் இசக்கி தொடர்கள் பார்க்கிறாள். யார் சாகப்போகிறார்கள் என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிடுவாள். தப்பியதில்லை. எப்படி என்று கேட்டேன்.

“எவன் ‘இந்த ஒருக்கா போயிட்டு வந்துருதேன், அப்புறம் கல்யாணம்’னு சொல்லுதானோ, அவனுக்கு அடுத்த வாரம் மாலை அண்ணாச்சி. போட்டோவுக்கு.”

“நீ ஊருக்குத் திரும்பி என்ன செய்யப் போற?”

“போங்க. வாயத் திறப்பனா? சொன்னா என்னைய முடிச்சிருவான் கதை எழுதுதவன்.”

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கடைசியில் என்ன ஆகும் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் குறி போடுகிறான். விலை ஏறப்போவது தெரிந்தவன் கொள்முதல் செய்கிற மாதிரி. நமக்கு அது இல்லை. பல்லி ஆயிரம் தடவை சொல்லும். ஒரு தடவை வீடு பற்றிக்கொண்டால் அந்த ஒன்றை மட்டும் ஊர் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் வெறும் சத்தம்.

இன்றும் பல்லி பலமுறை சொன்னது. அவளோ நானோ தட்டினோம். அடங்கியது. இதைவிடச் செலவில்லாத பரிகாரம் கிடையாது. சுற்றிப் பார்ப்பதையும் விட்டுவிட்டோம்.

ஆவணி 14, பகல் 11.25
பின்கிடங்கில் விரிசல் வாய் திறந்துவிட்டது. காற்று வெளியே போகிறது. கேமராவில் பார்த்தேன். இசக்கி என் அறைக் கதவை நோக்கி ஓடி வந்தாள். கதவின் பொத்தான் என் கைக்கடியில் இருந்தது. அழுத்தமானி விழும் வேகத்தைப் பார்த்தேன். அவள் ஓடும் வேகத்தைப் பார்த்தேன். இந்தக் கணக்கில் நான் தப்பு விடுகிறவன் இல்லை. கதவை அடைத்துவிட்டேன்.

ஆவணி 14, பகல் 12.05
விண்வெளிக் கவசங்கள் இரண்டும் கிடங்கில்தான் தொங்குகின்றன. அவள் திரும்பி ஓடி ஒன்றை மாட்டிக்கொண்டாள். கேமரா செத்துவிட்டது. தொடர்பு இருக்கிறது.

“அண்ணாச்சி.”

“உயிரோட இருக்கியா?”

“இருக்கேன். நீங்க கதவ அடைச்சதப் பாத்தேன்.”

“வேற வழி இல்ல இசக்கி.”

“தெரியும். நானா இருந்தாலும் அடைச்சிருப்பேன். ஆனா ரெண்டு எண்ணம் எண்ணிட்டு அடைச்சிருப்பேன். நீங்க எண்ணவே இல்லியே.”

நான் அழுத்தமானியைப் பார்த்தேன்.

“வெங்காயம் பூரா பறக்குது அண்ணாச்சி. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஒரு கொத்து உங்க கதவத் தட்டிக்கிட்டு நிக்கி. அதுக்காவது திறங்க.”

நிலைமை இது. திறந்தால் என் அறைக் காற்று முழுவதும் போய்விடும், எனக்குக் கவசமும் இல்லை. அவள் கவசத்தைப் பிராணவாயுக் குழாயில் பொருத்திக்கொண்டாள். தொட்டியில் இருப்பது அவளுக்கு ஒரு வாரம் தாங்கும். சீரீஸுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். அதற்குள் மீட்புப் படகு வந்துவிட்டால் இருவரும் பிழைப்போம்.

“பேச்சுக் கருவி மின்கலம் தீருது அண்ணாச்சி. இனிப் பேச முடியாது.”

“நான் கதவுல தட்டுதேன். மூணு தட்டு. நீயும் மூணு தட்டு. இருக்கன்னு தெரிஞ்சுக்கிடுதேன்.”

“சரி. தலைக்கவசத்தக் கதவுல சாச்சுக்கிட்டு இங்கயே உக்காந்திருக்கேன். நல்லாக் கேக்குது. பல்லி சொன்னாலும் தட்டுவேன். உங்களுக்கும் சேத்து.”

ஆவணி 15, காலை 07.30
தட்டினேன். மூன்று தட்டு திரும்பி வந்தது. இருக்கிறாள்.

ஆவணி 15, காலை 10.15
சீரீஸ் கிடங்கு மேலாளர் ரொசாரியோவின் செய்தி. அப்படியே பதிகிறேன்.

“ஞானதிரவியம் அண்ணாச்சி, படகு கிளம்பிட்டு. நாலு நாளைல வந்துருவோம். உங்க கருவி அனுப்புன தகவலப் பாத்தேன். அந்த விரிசல அது பத்து நாளா சொல்லிக்கிட்டே இருக்கு. நீங்களும் ஒவ்வொரு தடவையும் ‘பாத்தாச்சு, ஒண்ணுமில்ல’ன்னு பதில் குடுத்திருக்கிய. கையுறை போட்டவன் பொத்தான அமுக்க முடியாதுன்னு அதுக்கு மூணு தட்டுதான் பதில். கப்பல்ல எங்க தட்டுனாலும் எடுத்துக்கும். பயிற்சில முதல் நாளே சொல்லுவாங்களே? தட்டாம விட்டிருந்தா அதுவே பசையப் பீச்சி அடைச்சிருக்கும்.

“இன்னொண்ணு. விரிசல் உங்க அறைப் பக்கம் வருது. பல்லி மறுபடியும் சொல்லும். சொன்னா யாரும் தட்டாதிய. ஒரு நிமிசம் சும்மா இருங்க. அவ்வளவுதான்.”

ஆவணி 15, காலை 10.50
சும்மா இருந்தால் போதும். அவ்வளவுதான்.

முதல் குறிப்பை எடுத்துப் படித்தேன். ‘நல்ல பேரம்’ என்று எழுதியிருக்கிறது. அழித்துவிடலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை. கண்டெடுப்பவர் யாரோ, அவருக்குக் கதை ருசிக்கட்டும்.

தட்டலைக் கேட்காதபடி கருவியை மாற்ற ஒரு திறவுச்சொல் உண்டாம். பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும் கொடுப்பார்களாம். ரொசாரியோ பூமியில் கேட்டிருக்கிறாராம். கருவி செய்த கம்பெனி நாளைதான் திறக்கும்.

என் கையை நான் கட்டிப்போட்டுக்கொள்வேன். அவள் கையை?

ஆவணி 15, பகல் 12.30
அவளுக்கு எப்படிச் சொல்வது? ஜன்னல் இல்லை, தொடர்பு இல்லை. இருப்பது கதவு ஒன்று, அதில் தட்டத்தான் முடியும். ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். மூன்று வந்தது. பத்து தட்டினேன். மூன்று வந்தது. கையால் அடித்தேன், காலால் உதைத்தேன், கத்தினேன். கொஞ்ச நேரம் பொறுத்து மூன்று. எனக்குத் தைரியம் சொல்கிறாள்.

பல்லி சொன்னால் கதவு வழியாக அவளுக்கும் கேட்கும். தட்டுவாள்.

ஆவணி 15, பகல் 14.10
பிராணவாயுக் குழாயின் திருகு என் பக்கம் இருக்கிறது.

எழுதிவிட்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. அவள் தட்டினால் நான் சாவேன். என் அறை போனால் குழாயும் மின்சாரமும் போய் அவளும் சாவாள். இரண்டு போவதற்கு ஒன்று. யாரிடம் கொடுத்தாலும் இதே கணக்குத்தான் வரும்.

கதவை அடைத்தபோது எண்ணவில்லை. இதற்கு எண்ணினேன். ஒன்று. இரண்டு.

மூடிவிட்டேன்.

ஆவணி 15, பகல் 14.25
தட்டுகிறாள். மூன்று அல்ல, விடாமல். காற்று நின்றது தெரிந்திருக்கும். குழாயில் ஏதோ கோளாறு, அண்ணாச்சி சரி செய்துவிடுவார் என்று நினைக்கிறாள் போல. கவசத்துக்குள் தேங்கிய காற்று எவ்வளவு நேரத்துக்கு வரும் என்று தெரியவில்லை. அதுவும் பயிற்சியில் சொல்வார்களோ என்னவோ.

வலது கையை நாற்காலியோடு கட்டிக்கொண்டேன். இடது கையை இடுப்புப் பெல்ட்டுக்குள் செருகியிருக்கிறேன். காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இனி நான் வாயால் சொல்வதை இயந்திரம் எழுதும்.

ஆவணி 15, பகல் 15.20
தட்டல் நின்றுவிட்டது. ஊருக்குப் போய் என்ன செய்வதாக இருந்தாள் என்று தெரியவில்லை. வற்புறுத்திக் கேட்டிருக்கலாம்.

ஆவணி 15, பகல் 15.48
பல்லி சொல்கிறது.

சிவப்பு விளக்கு. என் தலைக்கு மேலே மூலையில். உலோகம் முனகுவது காதில் விழுகிறது. பசைக் குழாய் திரும்பி நிற்கிறது. ஒரு நிமிடம். விரல் துடிக்கிறது. கட்டு பலமாகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் சத்தமில்லை. பாதி போய்விட்டது. மாதாவே. இன்னும் கொஞ்சம். பத்து. ஒன்பது. எட்டு

தட்டு.

நான் இல்லை. என் கை கட்டியிருக்கிறது.

தட்டு. மெதுவாக. கதவின் அடியிலிருந்து, தரையோடு தரையாக.

வேண்டாம் இசக்கி. தாயி, வேண்டாம், கையை எடு, எனக்காகத் தட்டாதே, நான்தான் திருகை

தட்டு.

பச்சை விளக்கு. பல்லி அடங்கி