முதல் பந்திக்கு இருபது பேர்

நவம்பர் 4
கணினி ஆசிரியை கலாதேவி இன்று சொன்னது: மூளை ஓடாவிட்டால், இருக்கிற எல்லா வழியையும் ஒன்று விடாமல் போட்டுப் பார். விடை இருந்தால் மாட்டியே தீரும். எனக்கென்றே செய்த முறை.

என் அக்கா அஸ்ஃபியா லாத்தாவின் நிக்காஹ் விருந்து சஹன் சாப்பாடு. ஒரு தாலத்தைச் சுற்றி நாலு பேர். சுங்காய் ஊர் மாப்பிள்ளை வீட்டாரின் ஆசை, முதல் பந்தியில் எங்கள் பக்கத்து ஆண்கள் இருபது பேரும் உட்கார வேண்டுமாம். வாப்பா தன் அண்ணன் தம்பிகளைக் கேட்காமல் தாப்பா ஊரிலிருந்த குடும்பக் கடையை விற்றதிலிருந்து சஹனில் சகிப்பே இல்லை.

நவம்பர் 6
பெரியவாப்பா மகன் அய்மனிடம் விசாரித்தேன்.
"எங்க வாப்பா ஒங்க வாப்பாகூட ஒரே சஹன்ல கை போட மாட்டாரு. சாச்சாமாரும் மத்தவங்களும் அப்படித்தான்லா. ஒத்துக்கிற ரெண்டு மாமாவும் அவங்களுக்குள்ள பேசிக்கிறதில்ல. பேசாம பொம்மை வாங்கி உட்கார வை."
எல்லாவற்றையும் நிரலில் ஏற்றினேன். உட்கார வைக்க இரண்டரை பில்லியன் விதம். பழைய லேப்டாப் லாரி மாதிரி உறுமுகிறது. 'தொட்டால் வெடிக்கும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். உம்மா நம்பிவிட்டார்.

நவம்பர் 7
விடை: 0.

நவம்பர் 8
அரைகுறையாகத் தேடியிருந்தால், எங்கோ ஒரு வழி தப்பியிருக்கும் என்று நம்பிக்கொள்ளலாம். இது நம்பவும் இடம் வைக்கவில்லை. பாழாப்போன முறை.

பஃபே வைக்கலாமே என்றேன். "ஆளுக்கொரு தட்ட நீட்டுனா, குடும்பம் பிரிஞ்சு கெடக்குன்னு தமுக்கு அடிச்ச மாதிரி" என்றார் வாப்பா.

நவம்பர் 12
தினம் ஒருவரை எடுத்துவிட்டு ஓட்டுகிறேன். அய்மன் இல்லாமல் 0. சின்ன சாச்சா இல்லாமல் 0. பெரியவாப்பா இல்லாமலும் 0.
வாப்பாவை எடுத்தேன். திரை நிறைய விடை. கொட்டிக்கொண்டே இருந்தது.
மூடிட்டேன். இத யார்கிட்ட போய்ச் சொல்றது?

நவம்பர் 15
"என்னடி சொல்லுது ஒன் கம்ப்யூட்டர்?" லாத்தா.
"பிரியாணிக்குப் பதிலா மேகி போடச் சொல்லுது."
சிரித்தாள். பிறகு மெதுவாக, "வாப்பா உட்காருவாருல்ல?"
"இன்னும் ஓடுதுலா."

நவம்பர் 21
ஈப்போ மண்டபம். பெண்கள் பக்கத்துத் திரைச்சீலை இடுக்கில் பார்த்தேன். ஐந்து சஹனிலும் கைகள். பெரியவாப்பா, சாச்சாமார், மாமாமார், எல்லாரும். மாப்பிள்ளையின் வாப்பா, பெண்ணின் தகப்பன் எங்கே என்றார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தால்ச்சா வாளியோடு வாப்பா வந்தார். "பரிமாறுறவன் உட்காரலாமா?" சிரித்தார். பெரியவாப்பாவின் சஹனில் ஊற்றும்போது இருவரும் தால்ச்சாவையே பார்த்தார்கள்.

நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லையே.

எல்லாம் முடிந்தபின், அண்டாக்களுக்குப் பின்னால், நாலு பேர் தாலத்தில் வாப்பா தனியாக. எதிரே உட்கார்ந்து கை போட்டேன்.
"நீதான் அப்பவே சாப்டியே."
"திரும்பப் பசிக்குது வாப்பா."
சோறு ஆறிப்போயிருந்தது. மற்ற இரண்டு பக்கமும் காலி.