மூணாவது கவர்

என்னங்க, சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுங்க.

எனக்கு எரிச்சலும் வெள்ளைப்படுறதும் வெறும் சூடுன்னீங்க. நேத்து எங்க லேப்ல என் சாம்பிளை நானே மைக்ரோஸ்கோப்ல பார்த்தேன். கிருமி வாலாட்டிக்கிட்டு நீந்துது. ஒண்ணாப் படுத்தா ஒட்டிக்கிற கிருமி அது. ஆம்பளைக்கு வெளியே தெரியாதாம். ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிடணும்னு டாக்டரம்மா சொன்னாங்க.

டேபிள்ல மூணு கவர் இருக்கு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. மூணாவது, போன்ல சிரிச்சு சிரிச்சுப் பேசுறீங்களே, அவளுக்கு. அவ சாப்பிடலன்னா மறுபடியும் எனக்குத்தானே வரும்.

பி.கு: அது வருஷக்கணக்கா உள்ளேயே தூங்கிட்டு இப்ப முழிச்சிருக்கலாம்னும் டாக்டரம்மா சொன்னாங்க. நம்பத்தான் பார்க்குறேன். அப்படின்னா அந்த மூணாவது கவரைத் தொடாதீங்க. சாயங்காலம் வந்ததும் முதல்ல டேபிளைத்தான் பார்ப்பேன்.