முன்வரிசை நாற்காலி

28 ஏப்ரல் 2025, திங்கள்

மாடியில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள் மோட்டாரை நிறுத்தாமல் போய்விட்டார்கள். தொட்டி வழிந்து பின்சுவர் முழுவதும் ஈரம். பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்ன பிறகுதான் பார்த்தேன். "அவ்ளோ தண்ணி கொட்டுது, கேக்கல உங்களுக்கு?" என்றாள். பூஜையில் இருந்தேன் என்றேன். பொய்.

இடது காது போன வருடமே போயிற்று. வலது காதில் ஏதோ மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான். மகள் கோவையிலிருந்து வந்து, காஞ்சிபுரத்து டாக்டரிடம் காட்டி, கருவி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அது பீரோவில் இருக்கிறது. இருக்கட்டும். இந்த ஊரில் ஒருவருக்கு ஒரு குறை வந்தால் அதுவே அவர் பெயராகிவிடும். கோடித் தெருவில் செவிட்டம்மா என்று ஒருத்தி இருந்தாள். செத்த பிறகு ஒட்டிய காகிதத்தைப் பார்த்துத்தான் அவள் பெயர் சரஸ்வதி என்று தெரிந்தது. கான்வென்ட்டில் படித்தவள் என்று என்னை இங்கே கான்வென்ட் அம்மா என்கிறார்கள். அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

சாயங்காலம் மாடியிலிருந்து பாண்டிச்செல்வி மன்னிப்புக் கேட்க வந்தாள். சாத்தூர்ப் பக்கத்துப் பெண். வல்லம் வடகாலில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. கழுத்து நரம்பு புடைக்கப் பேசுகிறாள். "நான் என்ன வயல்காட்டிலா நிற்கிறேன்? பெண் பிள்ளை மெதுவாகப் பேச வேண்டும்" என்றேன். சிரித்தாள். மெதுவாகப் பேசவில்லை.

திரௌபதி அம்மன் திருவிழாவுக்காக மொட்டைமாடியில் ஒலிபெருக்கி கட்டிவிட்டுப் போனார்கள். வருடா வருடம் நம் வீட்டு மாடியில் ஒன்று. மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது, அம்மாவும் பாரதம் கேட்கட்டும் என்று என் வீட்டுக்காரர் கட்டச் சொன்னது. மாமியார் போய், அவரும் போய், ஒலிபெருக்கி மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

30 ஏப்ரல், புதன்

பாரதம் தொடங்கியது. முன்வரிசையில் நடு நாற்காலி எனக்கு. தர்மகர்த்தா தாண்டவராயன் சம்சாரம் என்று யாரும் அதில் உட்காருவதில்லை. கதை சொல்பவர் நரசிம்மன், செய்யாறு பக்கம். நல்ல உயரம், நல்ல கைவீச்சு.

உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மைக் வாயை மறைக்கிறது.

சுற்றிலும் சிரித்தபோது சிரித்தேன். ஒரு முறை தாமதமாகச் சிரித்துவிட்டேன்.

முடிந்ததும் விழாக்குழுத் தலைவர் தணிகாசலம் வந்தான். அவருக்குச் சித்தப்பா மகன். குனிந்து வலப்பக்கமாகவே கேட்டதால் பிழைத்தேன். "இன்னா அண்ணி, சவுண்டு பத்துதா? ஏத்தச் சொல்லட்டா?"

"சரியாக இருக்கிறது" என்றேன்.

1 மே, வியாழன்

விடுமுறை. ஆனாலும் மாடிப் பிள்ளைகளுக்குக் கம்பெனி உண்டாம். இந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட்.

வேலைக்குக் கிளம்பும் முன் பாண்டிச்செல்வி மோர் வாங்க வந்தாள். எனக்கு ஒன்று தோன்றியது. "மாடியில் இருந்தபடியே பாரதம் கேட்டிருப்பாயே. இன்று என்ன சொன்னார்? சொல், உனக்குப் புரிந்திருக்கிறதா பார்க்கிறேன்" என்றேன், பரீட்சை வைப்பது போல.

"கேக்காம எப்படி? தலமாட்டுலல்ல கத்துதாக!" என்று என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். பகாசுரன் கதை. "வண்டிச் சோத்தயும் பீமனே தின்னுபுட்டான்மா! அரக்கன் பசியில முதுகுல குத்துதான், இவன் திரும்பிக்கூடப் பாக்கல. 'இரு, ரசம் இருக்கு'ங்கான். எங்க கேன்டீன்லயும் ஒருத்தன் இருக்கான், அவனேதான்."

ரசம் நரசிம்மன் சேர்த்ததா இவள் சேர்த்ததா தெரியவில்லை. வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

2 மே, வெள்ளி

இன்றும் வந்தாள். திரௌபதி கல்யாணம். வில்லை வளைக்க வந்து தோற்ற ராஜாக்கள் ஒவ்வொருவரையும் நடித்தே காட்டினாள். ஒருவர் அவள் சூப்பர்வைசராம்.

3 மே, சனி

இன்று கதைக்கு முன்னால் ஒரு விண்ணப்பம். அறைத்தோழி கனிஷ்காவையும் துணைக்கு அழைத்து வந்திருந்தாள்.

"அம்மா, அந்த ஒலிபெருக்கிய மட்டும் எடுக்கச் சொல்லுங்களேன். காலைல ஏழு மணிக்கு வாரோம். அப்பமே அம்மன் பாட்டு ஆரம்பிச்சிருது. மத்தியானம் பாரதம். சாயந்தரம் திரும்பப் பாட்டு. கண்ண மூட முடியல. போன மாசம் லைன்ல ஒரு நாள் கண்ணசந்துட்டேன், வார்னிங் குடுத்துட்டாக. இன்னொன்னு வந்தா வீட்டுக்கு அனுப்பிருவாக."

அனுப்பினால் வேறு கம்பெனி பார்ப்பதுதானே என்றேன்.

"எங்கய்யா விடமாட்டாக. இந்த ஒரு தடவதான்னு சொல்லி அனுப்பிச்சாக. ஊருக்குப் போனா திரும்ப வெடி ஆபீசுதான்." பட்டாசுத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்கிறாள். "எங்கக்காவுக்கு ரெண்டு கையும் அங்கதான் வெந்துச்சு. இப்பம் நாங்கதான் அவளுக்குச் சோறு ஊட்டுதோம்."

சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. தணிகாசலம் மறுத்திருக்க மாட்டான். ஆனால் எவ்வளவு சத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"நானும் இதே வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. போனை வைத்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரும்" என்றேன்.

கனிஷ்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாண்டிச்செல்வி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல என் வலப்பக்கம் உட்கார்ந்து சூதாட்டம் சொன்னாள்.

5 மே, திங்கள்

துகில் உரிந்த கட்டம். சொல்லும்போது அவள் கண் சிவந்திருந்தது. அழுகை என்று நினைத்துக்கொண்டேன்.

8 மே, வியாழன்

உண்மையை எழுதிவிட வேண்டும், இங்கேயாவது. அந்த ஒலிபெருக்கியை இறக்கினால் அவள் தூங்குவாள். தூங்கினால் பாரதம் அவள் காதில் விழாது. விழாவிட்டால் சாயங்காலம் எனக்கு யார் சொல்வார்கள்?

இது நேற்றுத்தான் தோன்றியது என்று எழுதப் போனேன். இல்லை. சனிக்கிழமையே தோன்றியது.

10 மே, சனி

அர்ச்சுனன் தபசு. வேடம் கட்டியவர் பனைமரத்தில் ஏறிப் பாட்டுப் படித்ததை நேரில் பார்த்தேன். பார்ப்பதற்குக் காது வேண்டாம்.

பக்கத்தில் இருந்தவர்கள் நரசிம்மனைப் புகழ்ந்தார்கள். நானும் தலையசைத்து, "துரியோதனன் இடத்தில் குரலை இறக்குகிறாரே, அதுதான் வித்தை" என்றேன். பாண்டிச்செல்வி முந்தாநாள் சொன்னது. "கான்வென்ட் அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள்.

14 மே, புதன்

அபிமன்யு கதை. சொல்ல ஆரம்பிக்கும்போதே சுவரில் சாய்ந்திருந்தாள். சுபத்திரை வயிற்றில் பிள்ளை. கண்ணன் அவளுக்குச் சக்கர வியூகத்துக்குள் நுழையும் வழியைச் சொல்கிறான், பிள்ளை உள்ளே இருந்து கேட்கிறது. "சொல்லிக்கிட்டே இருக்கையில... சுபத்திர... உறங்கிட்டா..." என்றாள். அதோடு வாய் நின்றுவிட்டது. தலை தோளில் சரிந்தது. கையில் மோர் டம்ளர். சாயாமல் வாங்கி வைத்தேன்.

பிள்ளை முகம். வாய் லேசாகத் திறந்து, ஒரு கவலையும் இல்லாத முகம்.

கம்பெனி பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

எழுப்பினேன். தோளைத் தட்டி, "அப்புறம்?" என்றேன். திடுக்கிட்டு, "இந்தா வந்துட்டேன் சார்" என்று எழுந்து நின்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அபிமன்யு உள்ளே நுழைந்தது வரை சொன்னாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது என்று கனிஷ்கா கூப்பிட்டாள். மீதி நாளைக்கு என்று ஓடினாள்.

15 மே, வியாழன்

வரவில்லை. கனிஷ்கா மட்டும் வந்தாள். என் வலப்பக்கம் நின்று சொன்னாள்: விடிகிற நேரத்தில் பாண்டிச்செல்வி லைனில் தூங்கிவிட்டாள். நின்றபடியே. போர்டுகள் அவளைத் தாண்டிப் போய்க் குவிந்து, லைன் நின்றுவிட்டது. கம்பெனி கார்டை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம்.

ஏன் எழுப்பினேன்? தூங்கட்டும்னு விட்டா என்ன குடி முழுகிப் போயிருக்கும் எனக்கு? தெரியாத கதையா அது? சின்ன வயசிலிருந்து தெரிஞ்ச கதைதானே. பாவி. எழுபத்தி நாலு வயசுக் கிழவிக்குக் கதை கேக்குதா கதை.

16 மே, வெள்ளி

காலையில் அவள் அய்யா வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார். பாண்டிச்செல்வி பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து என் காலைத் தொட்டாள். தப்பு என்னுடையது என்று சொல்ல நினைத்தேன். அய்யா எதிரில் வேண்டாம் என்று நினைத்தேன். அதுவும் சாக்குத்தான்.

"படியில பாத்து ஏறுங்க அம்மா. மோட்டாரு ஓடுதான்னு தொட்டுப் பாருங்க, அதிரும்" என்றாள்.

மோட்டார் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறியிருப்பார்கள்.

17 மே, சனி

பீரோவைத் திறந்தேன். கருவியை மாட்டினேன். முதலில் கேட்டது என் புடவையின் சரசரப்பு. பிறகு அம்மன் பாட்டு. வாசல் கதவைச் சாத்தினேன். குறையவில்லை.

மாடிக்குப் போனேன். அவர்கள் அறை ஒலிபெருக்கிக்கு நேர் கீழே. ஜன்னலில் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டியிருந்தது. சந்துகளில் துணி திணித்திருந்தது. கனிஷ்கா தலையைச் சுற்றித் துப்பட்டாவை இறுகக் கட்டிக்கொண்டு, விழித்தபடி படுத்திருந்தாள். பாண்டிச்செல்வியின் பாய் சுருட்டி மூலையில் நின்றது. அதை விரித்துப் படுத்தேன்.

எவ்வளவு நேரம் படுத்திருந்தேனோ. பல் கூசியது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ பாடுவது போல இருந்தது. இதில் நாய் கூடத் தூங்காது.

கனிஷ்கா எழுந்து உட்கார்ந்து என் காதைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்மா. அம்மாவுக்கு வலப்பக்கமா உக்காந்து, சத்தமாப் பேசணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான்."

"அன்றைக்கு என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே. உனக்குக் கேட்காது, அதனால்தான் சத்தமில்லை என்கிறாய் என்று."

"நான் சொல்லத்தான் வந்தேன். அவதான் கையப் பிடிச்சிட்டா. அம்மா சங்கடப்படுவாகன்னு."

கருவியோடு நேரே பந்தலுக்குப் போனேன். ஒலிபெருக்கியை இறக்கு என்றேன். தணிகாசலம் சுற்றுமுற்றும் பார்த்தான். "இன்னா அண்ணி இது, அண்ணன் கட்னது. நாளைக்குத் தீமிதி, இன்னிக்குப் போய்க் கயட்டுன்னா ஊர்ல இன்னா பேசுவாங்கோ?"

"எனக்குக் காது கேட்காது, தணிகாசலம். இந்த வருட பாரதத்தில் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அந்தச் சத்தம் என்னவென்று இன்றுதான் தெரிந்தது. இறக்கு."

பந்தலில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் உடனே கத்திப் பேச ஆரம்பித்துவிட்டான். "கருவி போட்டிருக்கிறேன், கத்தாதே" என்றேன்.

இருட்டும் முன் இறக்கிவிட்டார்கள்.

18 மே, ஞாயிறு

துரியோதனன் படுகளம், தீமிதி. முன்வரிசைக்குப் போகவில்லை. பின்னால் பெண்களோடு நின்றேன். ஊருக்குள் அதற்குள் ஒரு கதை தயாராகிவிட்டது: எனக்கு முதல் மரியாதை தரவில்லை என்று கோபத்தில் ஒலிபெருக்கியை இறக்கினேனாம். ஒருத்தி மற்றவளிடம், "அதான்டி, அந்தக் கான்வென்ட் செவிடு" என்றாள். தெளிவாகக் கேட்டது.

எதற்கு இத்தனை நாள் பயந்தேனோ அது இவ்வளவுதான். ஒரு பெயர். ஒரு பெண்ணின் வேலையை அதற்கு விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

22 மே, வியாழன்

கனிஷ்கா நன்றாகத் தூங்குகிறாள். மத்தியானம் படி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

26 மே, திங்கள்

பாண்டிச்செல்விக்காக ஒருவரிடம் போய் நின்றேன். என் வீட்டுக்காரருடைய பழைய சிநேகிதர், நம் நிலத்தை எடுத்துக் கட்டிய தொழிற்பேட்டையில் இப்போது ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். லைனை நிறுத்திய பெண் என்றால் யாரும் எடுக்க மாட்டார்களாம். "நைட்ல தூங்குற பொண்ணுங்கமா. பகல்ல இன்னாதான் பண்ணுதுங்களோ" என்றார்.

தூங்க விடாதது நான் என்றேன். சிரித்தார். நான் பெருந்தன்மையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

2 ஜூன், திங்கள்

கனிஷ்கா போனை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். பாண்டிச்செல்வி பேசி அனுப்பியிருக்கிறாள். கனிஷ்கா வழக்கம்போல என் வலப்பக்கம் உட்கார்ந்து, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். வேண்டாம், நானே கேட்கிறேன் என்று போனைக் கருவியருகில் பிடித்துக்கொண்டேன்.

"கனி, அம்மாட்ட நீ சத்தமாச் சொல்லிரு. நான் நல்லா இருக்கேன். இன்னைலேர்ந்து வெடி ஆபீசுக்குப் போறேன், அக்கா வேல பாத்த எடந்தான். அம்மா வெசனப்பட வேண்டாம்னு சொல்லு. பகல் வேலதான, ராத்திரி நல்லா உறங்குதேன். பொறவு அந்த அபிமன்யு கதைய நான் முடிக்கவே இல்லல்ல... மிச்சத்த யாருட்டயாவது கேட்டுக்கிட்டாகளான்னு கேளு."

யாரோ வேறு பெண் பேசுகிறாள் என்று நினைத்து கனிஷ்காவைப் பார்த்தேன். அவள்தான் என்று தலையாட்டினாள். மறுபடி போட்டுக் கேட்டேன்.

சன்னமான குரல். பக்கத்து அறையில் தூங்கும் குழந்தைக்குப் பயந்து பேசுவது போல, அவ்வளவு மெதுவான குரல். அவள் எப்போதுமே அப்படித்தான் பேசுவாள் என்கிறாள் கனிஷ்கா. என்னிடம் மட்டும்தான் கழுத்து நரம்பு புடைக்கப் பேசினாளாம்.