இரண்டு ஒளியும் ஒரு கடலும்

நவம்பர் 8
ரொட்டிக் கடையில் மானம் போனது. மகள் கெஷே எக்ஸ்ரே வேலையில் இருக்கிறாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது நான்தான். இன்று திருமதி ஹான்சன் வரிசையில் நின்றபடியே கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார். "உங்க பொண்ணு வந்தா இதைக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க." இது வேறு எக்ஸ்ரே என்று விளக்கப் போய், பாதியில் எனக்கே புரியாமல் இருமிச் சமாளித்தேன். துறைமுகத்தில் மீன் பன் விற்பவன் வாயைப் பன்னோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 10
கெஷேயைப் போனில் கேட்டு எழுதி வைக்கிறேன். ஹாம்பர்க் பக்கம் அவர்கள் ஆய்வுக்கூடத்தில் மண்ணுக்கடியில் நீளமான சுரங்கம். அது வழியே மின்னல் வெட்டுபோல எக்ஸ்ரே துடிப்பு வருகிறது; தனி அறையிலிருந்து லேசர் துடிப்பு. லேசர் மூலக்கூறை உடைக்கும், எக்ஸ்ரே அதைப் படம் பிடிக்கும். இரண்டும் வரும் நேரம் தப்பினால் படம் குழம்பிவிடும். எவ்வளவு தப்பினால்?

"நீ கண் சிமிட்டறதுக்குள்ள அங்க ஒரு யுகமே போயிடும்பா."

வியாழன் முதல் மூன்று நாள் அந்தச் சுரங்கம் அவள் சோதனைக்கு. வெகுகாலம் காத்திருந்து கிடைத்தது. சரியாக வந்தால் முனைவர் பட்டம், கொரியாவில் வேலை. வராவிட்டால் இரண்டும் இல்லை.

நவம்பர் 13
புயல் எச்சரிக்கை. படகுக்காரன் மொம்மெயிடம் புலம்பினேன்.

"அவ இருக்கறது மண்ணுக்கடியில. அவளுக்கு எதுக்குடா புயல் பயம்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வடகடலில் பெரிய அலை எழுந்தால் ஹாம்பர்க் வரை தரை மூச்சு விடுகிறதுபோல் ஏறி இறங்குகிறதாம், கெஷே சொன்னாள். நமக்குத் தெரியாது. துடிப்புகளுக்குத் தெரிகிறது, ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது. என் வீட்டு வாசலில் கிடக்கிற கடல், என் பெண்ணின் வேலையில் போய்க் கை வைக்கிறது.

நவம்பர் 14
முதல் நாள் வீண். புயலில் துடிப்புகள் தாறுமாறாம்.

நவம்பர் 15
கடல்நீர் ஊருக்குள் வராமல் தடுக்கும் அணைமேல் நின்று அலையைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் செய்தி அனுப்பினேன். 'பெரிசு.' 'இன்னும் பெரிசு.' என் மனைவி ஹைங்கெ போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"புயலாவது பரவாயில்ல. உன் செய்திதான் அவளைப் போட்டு ஆட்டுது."

நவம்பர் 16
கடைசி நாள். காலையில் காற்று விட்டிருந்தது. அணை ஏறிப் பார்த்தால் ஒரு அலை இல்லை. உடனே அவளைப் போனில் கூப்பிட்டேன். கடல் அடங்கிடுச்சும்மா, ஆரம்பி என்றேன்.

"அப்பா, இப்ப கடல் வத்தற நேரம். அங்க தண்ணியே இருக்காது."

எதிரே வெறும் சேறு; தினம் இரண்டு தடவை கடல் உள்வாங்கிப் போகும் கரை இது. நான் பிறந்ததே இங்கேதான், அதுகூட உறைக்கவில்லை. கெஷே சிரித்தாள், இந்த மூன்று நாளில் முதல் தடவை. பிறகு சொன்னாள்:

"அலையை நிறுத்த முடியாதுப்பா. ஒவ்வொரு தடவையும் எது எவ்வளவு முந்துச்சு, பிந்துச்சுன்னு அளந்து வெச்சிருக்கோம். படங்களை அதை வெச்சு வரிசைப்படுத்தணும். வந்தா வரும்."

நவம்பர் 23
ஒரு தகவலும் இல்லை. திருமதி ஹான்சனின் முழங்கால் தேவலையாம்.

டிசம்பர் 7
"அப்பா, படம் வந்துடுச்சு. மூலக்கூறு உடையறது தெரியுது." அழுதாளா, சிரித்தாளா? இரண்டும்தான் போல. சபாஷ்டி என் தங்கமே என்றேன். வசந்தத்தில் கொரியா. பெரிய பெட்டி ஒன்று வாங்கத் தன்னோடு வர முடியுமா என்று கேட்டாள். வராமல்?

சொல்லாதது ஒன்று. கடல் அடங்கிவிட்டதென்று நினைத்த அந்தக் காலை, அவளைக் கூப்பிடும் முன், ஒரு கணம் — இந்தப் புயல் இன்னும் ரெண்டு நாள் அடிச்சா என்ன, அவ கொரியா போகாம இங்கயே இருப்பாளே என்று தோன்றியது.